இழைத்த பின்னும் கோணும் பலகை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் நாட்டுப் பழமொழி. தச்சுத் தொழிற்கூடங்களில் இப்பழமொழியை நினைப்பூட்டும் முறைப்பாடு ஒன்று அடிக்கடி கேட்கப்படுகின்றது. பலகை இழைக்கும் யந்திரத்தைப் புதிதாக வாங்கிய ஒருவர், கோணலான பலகையொன்றை அதனுட் செலுத்துகிறார். பலகை வழுவழுப்பாக மறுபுறம் வெளிவருகின்றது. அதனைச் சமதரையில் வைத்துப் பார்த்தால், முன்னிருந்த கோணல் முன்போலவே இருக்கின்றது. மீண்டும் செலுத்துகிறார், பின்னும் செலுத்துகிறார். ஒன்றரை அங்குலக் கனமிருந்த பலகை முக்கால் அங்குலமாகத் தேய்கின்றது. சீவல் மூட்டை மூட்டையாகக் குவிகின்றது. கோணல் மாத்திரம் தீர்ந்தபாடில்லை. இறுதியில், "யந்திரம் பழுது" என்னும் முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார்.

அம்முடிவு சிற்சில சமயங்களிற் சரியாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அது தவறாகவே முடியும். எப்பொழுது யந்திரத்தின்மேற் குற்றம், எப்பொழுது முறையின்மேற் குற்றம், எப்பொழுது மரத்தின்மேற் குற்றம் என்று பிரித்தறியும் வழியை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். இது சிறு விஷயம் என்று தள்ளத்தக்கதன்று. பல்லாண்டுகள் நின்று வளர்ந்த தேக்கு மரத்தின் பலகையைக் காரணம் அறியாமல் இழைத்துத் தள்ளுவோமாயின், அதனிற் பாதி அடுப்புக்குரிய சீவலாய்ப் போய்விடும். எஞ்சிய பாதியைக் கொண்டு செய்த மேசையோ ஒரு கால் ஊன்றாமல் ஆடும். கதவோ நிலையிற் பொருந்தாமல் நிற்கும்.

1. யந்திரத்தின் இயல்பு

நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட யந்திரம், தொழிற்கூடத்தார் "திக்னஸ் பிளேனர்" என்று வழங்குவது. இதனைக் கனம் இழைக்கும் யந்திரம் எனலாம். "சர்பேஸ் பிளேனர்" எனப்படும் முகம் இழைக்கும் யந்திரம் வேறு. இவ்விரண்டின் தொழிலையும் ஒன்றென எண்ணுதலே முறைப்பாடுகளிற் பெரும்பாலானவற்றுக்கு மூலம்.

கனம் இழைக்கும் யந்திரத்தில் வழுவழுப்பான இரும்பு மேடை ஒன்று உண்டு. மேடைக்கு மேலே, அதற்கு இணையாக, கத்திகள் பொருத்திய உருளை ஒன்று மிக விரைவாகச் சுழல்கின்றது. அதற்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு இழுப்புருளைகள் உள்ளன. அவை பலகையை மேடையின்மேல் அழுத்திப் பிடித்து, ஒரே சீரான வேகத்தில் உள்ளே இழுத்து வெளியே தள்ளுகின்றன. மேடைக்கும் கத்திக்கும் இடையே எவ்வளவு தூரம் வைக்கின்றோமோ அவ்வளவு கனத்திற்குப் பலகை இழைக்கப்படுகின்றது.

மரத்தை யந்திரத்தால் இழைக்கும் முயற்சி பழமையானது. இங்கிலாந்தில் ஸாமுவேல் பெந்தாம் என்பவர் 1791-ஆம் ஆண்டிலேயே இழைப்பு யந்திரத்திற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் என்பவர் 1828-ஆம் ஆண்டிற் பட்டயம் பெற்ற யந்திரம், சுழலும் கத்திகளோடு பலகையை அழுத்திப் பிடிக்கும் உருளைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்று நாம் காணும் யந்திரங்களும் அச்சேர்க்கையைக் கொண்டவையே. உருளைகள் அழுத்தாவிடில், சுழலுங் கத்தி பலகையைத் தூக்கி எறிந்துவிடும். ஆதலின் அவ்வழுத்தம் இன்றியமையாதது.

ஆயின், நமது முறைப்பாட்டிற்குக் காரணமும் அவ்வழுத்தமே. நெடுக்கில் வில்போல் வளைந்த பலகையொன்றை உள்ளே செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். உருளை அதனை மேடையோடு மேடையாக அழுத்துகின்றது. அழுந்திய நிலையிற் பலகை நேராக இருக்கின்றது. கத்தி அந்நேரான பலகையைச் சீவுகின்றது. பலகை உருளையை விட்டு நீங்கியவுடன், அழுத்தம் ஒழிய, வில் நிமிர்வதுபோலத் தன் பழைய வளைவுக்கே திரும்பிவிடுகின்றது. மேல்முகமும் கீழ்முகமும் ஒன்றற்கொன்று இணையாக உள்ளன. இரண்டும் சேர்ந்தே வளைந்துள்ளன. வளைந்த கோடொன்றை வரைந்து, அதனின்று எங்கும் ஒரே தூரத்தில் மற்றொரு கோடு வரைந்தால், அக்கோடும் வளைந்தே அமையும் அன்றோ? அதுபோன்றதே இது. மேடைமேல் உள்ள முகம் எத்தகையதோ, மேல்முகமும் அத்தகையதாகவே ஆகும். இணையாக்குதல் ஒன்றே இவ்யந்திரம் அறிந்த தொழில்.

இதனோடு கனத்தின் தன்மையையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். ஒரு பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டியது. கனம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும். கனத்த குட்டைப் பலகை உருளையின் அழுத்தத்திற்கு எளிதில் வளைந்துகொடாது. ஆதலால் அதன் கோணல் யந்திரத்திலேயே சிறிது தீர்தலும் உண்டு. பலகை மெலிய மெலிய அவ்வாய்ப்பும் அற்றுப்போகும். மறுபடியும் மறுபடியும் செலுத்தினால் கோணல் தீரும் என்று நம்புவோர் ஒவ்வொரு முறையும் தம் நம்பிக்கைக்கு இடமான கனத்தையே சீவி எறிகின்றனர்.

2. முதலிற் செய்யவேண்டிய பரீட்சை

யந்திரத்தின் திருகாணி எதனையும் தொடுவதற்கு முன்னர், வெளிவந்த பலகையை அளந்து பார்த்தல் வேண்டும். காலிப்பர் கருவியைக் கொண்டு, இரு முனைகளிலும் நடுவிலும், ஒவ்வோரிடத்தும் இடவிளிம்பிலும் வலவிளிம்பிலுமாக, ஆறு இடங்களிற் கனத்தை அளந்து பென்சிலாற் பலகையின்மேலேயே குறித்துக்கொள்க. அவ்வாறு அளவுகளே விடை கூறும்.

ஆறும் ஒத்திருந்து பலகை மாத்திரம் வளைந்திருந்தால், யந்திரம் தன் கடமையைக் குறைவறச் செய்திருக்கின்றது; குற்றம் நாம் பலகையைக் கொடுத்த முறையில் உள்ளது. அளவுகள் ஒவ்வாதிருந்தால், யந்திரத்தை ஆராய்தல் வேண்டும். அளவுகளும் ஒத்து, வெளிவந்த வேளையிற் பலகையும் நேராக இருந்து, மறுநாட் காலையிற் கோணியிருந்தால், மரத்தின் உள்ளியல்பை ஆராய்தல் வேண்டும். மருத்துவன் நாடி பார்த்தபின் மருந்து கொடுத்தல் போன்றது இம்முறை.

பலகை நேராக உள்ளதா என்று பார்க்க உதவும் நேர்விளிம்புச் சட்டத்தையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுதல் நலம். அதனைத் தாளின்மேல் வைத்து ஒரு கோடு கிழித்து, பின்னர்ச் சட்டத்தை அக்கோட்டின் மறுபக்கத்திற் புரட்டி வைத்து, அதே விளிம்பால் அதே இரு புள்ளிகளுக்கிடையே மற்றொரு கோடு கிழிக்க. இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாற் சட்டம் நேரானது. நடுவில் இடைவெளி தோன்றினால், சட்டத்தின் கோணல் இருமடங்காகக் கண்ணுக்குப் புலனாகும்.

இரண்டு பொருள்கள் தம்முட் பொருந்துவதனாலேயே இரண்டும் நேரானவை ஆகா. ஒன்று குழிந்தும் மற்றொன்று புடைத்தும் இருந்தாலும் அவை நன்கு பொருந்தும். இவ்வுண்மையை யந்திரக் கலைஞர்க்கு எடுத்துக் காட்டியவர்களுள் தலைசிறந்தவர் ஜோஸப் விட்வொர்த். 1840-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரிற் கூடிய விஞ்ஞானச் சங்கத்தில் அவர் சமதளம் உண்டாக்கும் முறையை விளக்கினார். மூன்று இரும்புத் தட்டுகளை மாறி மாறி இணைத்துப் பார்த்து, எந்த இரண்டும் தம்முட் பொருந்தும்வரை சுரண்டினால், மூன்றும் சமதளமாகியே தீரும் என்பது அம்முறை. மேல்முகத்தோடு கீழ்முகம் இணையாயிருத்தல் பலகையின் நேர்மைக்குச் சான்றாகாது என்பதற்கும் இதுவே நியாயம்.

முறுக்கு எனப்படும் கோணலைச் சட்டத்தால் எளிதிற் காணுதல் இயலாது. அதற்கு ஒரே அகலமும் நேர்விளிம்பும் உள்ள இரண்டு மெல்லிய சட்டங்கள் வேண்டும். பலகையின் இரு முனைகளிலும் அவற்றைக் குறுக்கே நிறுத்தி, கண்ணைத் தாழ்த்தி, முன்சட்டத்தின் மேல்விளிம்பு வழியாகப் பின்சட்டத்தின் மேல்விளிம்பை நோக்குக. இரண்டும் ஒரே கோடாகத் தோன்றினால் முறுக்கு இல்லை. ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் தோன்றினால், பலகையின் எதிரெதிர் மூலைகள் இரண்டு தூக்கியுள்ளன என்று அறியலாம்.

3. கனம் ஒத்திருந்தும் கோணல் தீராவிடில்

இந்நிலையிற் செய்யவேண்டுவது, யந்திரத்தினுட் செலுத்துமுன் பலகையின் ஒரு முகத்தை வேறு வழியாற் சமதளமாக்கிக் கொள்ளுதலே. அம்முகம் மேடையின்மேல் ஆடாமல் அமருமாயின், மேல்முகம் தானே நேராகிவிடும்.

இதற்குமுன், பலகையை வேண்டிய நீளத்திற்கு ஏறக்குறைய அறுத்துக்கொள்ளுதல் பெருநன்மை தரும். ஒரே சீராக வளைந்த பலகையின் வளைவு அதன் நீளத்தின் இருமடிப் பெருக்கத்தை ஒட்டியது. நீளம் பாதியானால் வளைவு நாலில் ஒன்றாகும். ஆறடி நீளமும் ஒன்றரை அங்குலக் கனமும் உள்ள பலகையொன்று நடுவில் மூன்று நூல், அதாவது முக்காலே அரைக்கால் நூலன்று, முழு மூன்று நூல் வளைந்துள்ளது என்று கொள்வோம். எட்டு நூல் ஓர் அங்குலம் ஆதலின், முழுப் பலகையையும் நேராக்க ஒரு முகத்தில் மூன்று நூலும் மறுமுகத்தில் மூன்று நூலுமாக ஆறு நூல் சீவப்படும். எஞ்சுவது முக்கால் அங்குலம். அப்பலகையையே மும்மூன்றடியாக இரண்டாக அறுத்தால், ஒவ்வொரு துண்டின் வளைவும் முக்கால் நூல். இரு முகங்களிலும் சீவப்படுவது ஒன்றரை நூல். எஞ்சுவது ஒன்றேகால் அங்குலத்திற்கும் சிறிது மிகுதி. குறுக்கில் வளைந்த அகலப் பலகையை நெடுக்கே கிழித்துக்கொள்வதற்கும் இக்கணக்கே பொருந்தும். நாற்காலிக்கு மூன்றடித் துண்டு வேண்டுவோர் ஆறடிப் பலகையை இழைத்துவிட்டுப் பின்னர் அறுப்பது வீண் செலவு.

முதல் முகத்தைச் சமமாக்க மூன்று வழிகள் உள்ளன. முகம் இழைக்கும் யந்திரம் உள்ள இடத்தில், குழிந்த முகத்தைக் கீழாக வைத்து அதிற் செலுத்துதல் எளிது. குழிந்த முகம் இரு முனைகளிலும் ஊன்றி ஆடாமல் நிற்கும். புடைத்த முகமோ தொட்டில்போல் ஆடும். கையால் அமுக்கிப் பலகையை நேராக்கிக்கொண்டு தள்ளுதல் கூடாது. அமுக்கினால், கனம் இழைக்கும் யந்திரத்தின் உருளை செய்த பிழையையே நம் கையும் செய்ததாகும்.

இரண்டாவது வழி, நம் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டுவரும் இழைப்புளியே. பலகையின் முகம் முழுவதும் பென்சிலாற் கோடுகள் கிழித்துக்கொண்டு, மேடாக உள்ள இடங்களை முதலிற் குறுக்கேயும், பின்னர் மூலைவாட்டிலும், இறுதியில் நெடுக்கேயும் இழைத்து வருக. தள்ளத் தொடங்கும்போது இழைப்புளியின் முன்பக்கத்திலும், முடிக்கும்போது பின்பக்கத்திலும் அழுத்தம் இருத்தல் வேண்டும். இன்றேல் முனைகள் இரண்டும் உருண்டுவிடும். நீண்ட இழைப்புளி பள்ளங்களைத் தாண்டிச் சென்று மேடுகளையே சீவும். குட்டையானது பள்ளத்திலும் இறங்கிச் சீவும். ஆகவே நீண்டதே இதற்கு உத்தமம். இம்முகம் அழகாக அமைய வேண்டுவதில்லை. நார் பெயர்ந்த சிறு குழிகளும் கத்தித் தடங்களும் இருந்தாற் குற்றமில்லை. மேடையின்மேல் ஆடாமலும் அழுத்தத்தால் வளையாமலும் அமர்ந்தாற் போதும். எதிர்முகத்தை யந்திரம் செம்மையாக்கிய பின், பலகையைப் புரட்டி இம்முகத்தையும் செம்மையாக்கிக் கொள்ளலாம்.

மூன்றாவது வழி தாங்கு பலகை. முறுக்கில்லாத, கனமான ஒட்டுப்பலகையொன்றின்மேற் கோணற் பலகையை வைத்து, எங்கெங்கே அடியில் இடைவெளி உண்டோ அங்கங்கே மெல்லிய மர ஆப்புகளைச் செருகி, அவை நகராதவாறு சிறிது பசையிட்டு விடுக. பலகை தாங்கின்மேல் நழுவாதபடி மரச் சட்டங்களால் தடுத்தலும் வேண்டும். அச்சட்டங்கள் கத்திக்கு எட்டாதவாறு தாழ்ந்திருக்க வேண்டும். ஆணி, திருகாணி எதுவும் கத்தியின் வழியில் இருத்தல் ஆகாது. இவ்வாறு தாங்கும் பலகையுமாகச் சேர்த்துச் செலுத்தினால், உருளை அழுத்தினாலும் ஆப்பு தாங்கிக்கொள்ளும். கோணல் மறையாது நிற்பதாற் கத்தி அதனையே சீவும். மேல்முகம் சமமானவுடன் ஆப்புகளை நீக்கி, பலகையைப் புரட்டி, தாங்கின்றியே இழைக்கலாம்.

4. கனம் ஒவ்வாதிருந்தால்

அளவுகள் வேறுபடுமாயின், அவ்வேறுபாடு எவ்விடத்தில் உள்ளது என்பதே நோயின் பெயரை அறிவிக்கும்.

ஒரு விளிம்பு கனத்தும் மறுவிளிம்பு மெலிந்தும் இருந்தால், கத்தி உருளை மேடைக்கு இணையாக இல்லை. அல்லது கத்திகள் உருளையிற் சரியாகப் பொருத்தப்படவில்லை. இதனை உறுதிசெய்ய, ஒரே மரத்தில் அறுத்த இரண்டு குறுகிய சட்டங்களை மேடையின் இடக்கோடியில் ஒன்றும் வலக்கோடியில் ஒன்றுமாக வைத்து ஒரே தடவையிற் செலுத்தி, இரண்டின் கனத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க. முதலில் மேடையின்மேற் சீவலோ பிசினோ ஒட்டியுள்ளதா என்று துடைத்துப் பார்த்தல் வேண்டும்; ஒரு சிறு சீவல் பலகையின் அடியில் அகப்பட்டாலும் அளவு மாறிவிடும். அதன் பின்னும் வேறுபாடு நிலைத்திருந்தால், யந்திரத்தோடு வந்த குறிப்பிற் கண்டவாறு கத்திகளையோ மேடையையோ திருத்தல் வேண்டும்.

முனைகளில் மாத்திரம் சில அங்குலத் தூரம் பள்ளம் விழுந்தால், அது மிகப் பொதுவான குறை. பலகையின் நடுப்பகுதி கத்தியின்கீழ் இருக்கும்போது இரண்டு உருளைகளும் அதனைப் பிடித்துக்கொள்கின்றன. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே உருளைதான் பிடிக்கின்றது. அவ்வேளையில், வெளியே நீண்டு தொங்கும் பலகையின் பாரம் நெம்புகோல்போல் வேலைசெய்து, உள்முனையைக் கத்தியை நோக்கித் தூக்கிவிடுகின்றது. நீண்ட பலகையின் வெளிமுனையை உள்ளே நுழையும்போதும் வெளிவரும்போதும் சற்றே உயர்த்திப் பிடித்தல் இதற்கு மருந்து. இருபுறமுமுள்ள நீட்டு மேடைகள் நடுமேடையோடு ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று நேர்விளிம்புச் சட்டம் வைத்துப் பார்த்தலும் வேண்டும். பல பலகைகளை இழைக்கும்போது, ஒன்றன் முனை மற்றொன்றன் முனையைத் தொட, இடைவிடாது செலுத்தினால், முதற்பலகையின் தொடக்கத்திலும் கடைசிப் பலகையின் முடிவிலும் மாத்திரமே பள்ளம் விழும். இவையனைத்தும் செய்த பின்னும் சிறிது எஞ்சினால், பலகையைச் சில அங்குலம் நீளமாக வைத்திருந்து பிற்பாடு முனைகளை அறுத்துவிடுதலே அறிவுடைமை.

கனம் ஒத்திருந்தும் முகத்திற் குறுக்கலைகள் தோன்றுமாயின், கத்திகளின் கணக்கைப் பார்க்க வேண்டும். உருளையில் இரண்டு கத்திகள் உண்டு. அது நிமிஷத்திற்கு 5,000 சுற்றுச் சுற்றுகின்றது. பலகை நிமிஷத்திற்கு 20 அடி, அதாவது 240 அங்குலம், செல்கின்றது என்று கொள்வோம். ஒரு நிமிஷத்தில் 10,000 வெட்டுகள் 240 அங்குலத்தில் விழுவதால், ஓர் அங்குலத்திற்கு ஏறக்குறைய 42 வெட்டுகள் ஆகின்றன. அவ்வளவு நெருங்கிய அலை கண்ணுக்குத் தோன்றாது. ஒரு கத்தி மற்றொன்றினும் சற்றே உயர்ந்திருந்தால், உயர்ந்த கத்தி ஒன்றே முகத்தை முடிக்கும். வெட்டுகள் 21 ஆகக் குறைந்து அலை புலப்படத் தொடங்கும். கத்திகளை ஒரே உயரத்தில் அமைத்தலே அதற்குப் பரிகாரம்.

நெடுக்கே மயிரிழை போன்ற வரம்புகள் எழுந்தால், கத்தியின் வாயில் அவ்விடத்திற் சிறு முறிவு உண்டு. பழைய பலகையில் மறைந்திருந்த ஆணியோ மணலோ அதனைச் செய்திருக்கும். கத்திகளுள் ஒன்றைப் பக்கவாட்டிற் சிறிது நகர்த்திப் பொருத்தினால், ஒன்று விட்ட வரம்பை மற்றொன்று சீவிவிடும். நார் பெயர்ந்து சொரசொரப்பாக வந்தால், மரத்தின் நார் ஓட்டத்திற்கு எதிராகச் செலுத்தியிருக்கக் கூடும்; பலகையை முனை மாற்றிச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் சீவும் ஆழத்தையும் குறைத்துப் பார்க்க. பலகை நடுவழியில் நின்றுவிட்டால் உருளைகளிற் படிந்த பிசினைத் துடைத்து, மேடைக்கு மெழுகு பூசிப் பார்க்க. அதற்கும் அசையாவிடில், கத்தி மழுங்கிவிட்டது என்று துணியலாம். மழுங்கிய கத்தி மரத்தை வெட்டாமல் அடிக்கின்றது. யந்திரத்தின் ஓசை மாறுவதிலிருந்தே பழகிய காது அதனை அறிந்துகொள்ளும்.

5. இன்று நேர், நாளைக் கோணல்

இழைத்தவுடன் செவ்வையாயிருந்த பலகை ஓரிரவிற் கோணுதல் பலரைத் திகைப்பில் ஆழ்த்துவது. மரம் வெட்டுண்ட பின்னும் நீரை உண்பதும் விடுவதுமாக உள்ளது என்பதே இதற்குக் காரணம். ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்திற்குக் குறையுந் தறுவாயில் மரம் சுருங்கத் தொடங்குகின்றது. அச்சுருக்கமும் எத்திசையிலும் ஒன்றாக இல்லை. தேக்கு பசுநிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது, நடுவயிரத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதமும், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் 5.8 சதவீதமும் சுருங்குவதாக மதிப்பிட்டுள்ளனர். நெடுக்கிற் சுருக்கம் மிகச் சொற்பம். இவ்வேறுபாட்டினாலேயே, வளையத்தை ஒட்டி அறுத்த பலகை உலரும்போது பட்டைப்புறமாகக் குழிகின்றது. சுருக்கம் குறைவாதலின் தேக்கு நேர்மை பிறழாத மரம் என்னும் பெயர் பெற்றது.

ஆகவே, உள்ளே ஈரமும் வெளியே உலர்ச்சியும் உள்ள பலகையின் ஒரு முகத்தை மாத்திரம் ஆழமாகச் சீவினால், ஈரமான உட்பகுதி அம்முகத்தில் வெளிப்பட்டு, காற்றுப் பட்டவுடன் சுருங்கும், மறுமுகம் அசையாது நிற்கும், பலகை கோணும். அவசரமாக உலர்த்திய மரத்தினுள் அடங்கிக் கிடக்கும் இழுவிசையும் இதனையே செய்யும். இதற்கு மருந்து பொறுமை. பலகையை வேண்டிய கனத்தினும் ஒன்றிரண்டு நூல் மிகுதியாக இழைத்து நிறுத்துக. குறுக்குச் சட்டங்களை இடையிட்டு, இரு முகங்களிலும் காற்றோடுமாறு அடுக்கிச் சில நாள் வைத்திடுக. கோணவேண்டியது கோணட்டும். பின்னர் முதற்பகுதியிலிருந்து வேலையைத் தொடங்கி, இரு முகங்களிலும் ஏறக்குறையச் சம அளவு சீவி முடித்திடுக. இழைத்து முடித்த பலகையைச் சிமெந்துத் தரைமேற் படுக்கவைத்தல் ஆகாது. ஒரு முகம் மூடுண்டு மறுமுகம் உலர்வதால் நேரான பலகையும் கோணும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் இழைத்த பலகை, சித்திரை வெயிலில் ஓரளவு சுருங்கும் என்பதையும் பொருத்து வேலையிற் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

6. காப்பு

மேற்கூறிய எதனையும் திருத்துமுன், மின்சாரத் தொடர்பை நீக்கிவிடுதல் முதற்கடமை. விசையை அணைத்தல் மாத்திரம் போதாது. இரண்டு உருளைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தினும் குட்டையான துண்டைச் செலுத்துதல் ஆபத்து; பிடியின்றிக் கத்தியின்கீழ் அது சிதறக்கூடும். பலகை செல்லும் நேர்க்கோட்டில் முன்னாலோ பின்னாலோ நில்லாது, ஒருபுறமாக ஒதுங்கி நிற்க. சிக்கிய சீவலைக் கையால் எடுத்தலும், குனிந்து உள்ளே நோக்குதலும் ஒருபொழுதும் கூடா. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிதல் வேண்டும்.

நன்னூலார் தம் பாயிரத்தில், தச்சன் மரத்தின் கோணலைத் தீர்க்கப் பிடிக்கும் நூலையும் மாந்தர் மனக்கோணலைத் தீர்க்கும் கல்வி நூலையும் ஒருங்குவைத்துக் கூறியுள்ளார். தச்சன் நூல் பிடிப்பது மரத்தை அறுப்பதற்கு முன்னர் என்பதை நம் மாணவர் நினைவிற் கொள்வாராக. கத்தி எத்துணைக் கூரியதாயினும், உருளை எத்துணை விரைந்து சுழன்றாலும், முதலில் ஒரு முகம் நேராக்கப்பட்டாலன்றி அவற்றின் வலிமை நமக்குப் பயன்படாது. பலகை கோணலாக வெளிவரும் வேளையில் மீண்டும் அதனை உள்ளே செலுத்தக் கை நீளுமாயின், அக்கை முதலிற் காலிப்பரை எடுக்கட்டும். ஆறு அளவுகளை எழுதுவதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். அவ்விரண்டு நிமிஷத்தில் ஒரு நற்பலகை பிழைக்கும்.